சனியில் எடை கூடுமா, குறையுமா? அட்டவணைக்கு அட்டவணை எண் மாறுகிறது

கோள்பலகை (கேள்வி)

வணக்கம். 'மற்ற கோள்களில் உங்கள் எடை' என்று ஒரு கண்காட்சிப் பலகை தயாராகிறது. பார்வையாளர் தன் எடையைத் தட்டினால், மற்ற ஏழு கோள்களிலும் நிலாவிலும் எடைமெஷின் எவ்வளவு காட்டும் என்று திரையில் வரவேண்டும். கணக்கு வெறும் பெருக்கல்தான். எந்த எண்ணால் பெருக்குவது என்பதில்தான் இழுபறி.

சனிக்கு ஓர் அட்டவணை 1.07 என்கிறது, இன்னொன்று 0.91 என்கிறது, மூன்றாவதில் 1.14 இருக்கிறது. 60 கிலோ ஆளுக்கு 64, 55, 68 என்று மூன்று விடை. அங்கே எடை கூடுமா குறையுமா என்பதிலேயே ஒற்றுமை இல்லை. யுரேனஸுக்கு 0.89, 0.91. செவ்வாயைத் தரையில் இறங்கியே அளந்திருக்கிறார்கள், அதற்கும் 3.71, 3.73 என்று இரண்டு எண்.

இதில் எது சரி? பூமியைப்போல் 95 மடங்கு நிறையுள்ள சனியில் ஈர்ப்பு ஏன் கிட்டத்தட்ட நம் அளவிலேயே நிற்கிறது என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக என்ன சொல்லலாம்?

தட்டைத்துருவம்

சனிக்கு நீங்கள் கொடுத்த மூன்று எண்ணும் சரிதான். எந்த இடத்தில் நிற்கும்போது, சுழற்சியைக் கழித்தா கழிக்காமலா என்பதை அட்டவணை போட்டவர்கள் எழுதாமல் விட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

அடிப்படைச் சூத்திரம்: கோளின் நிறையைப் பூமியின் எத்தனை மடங்கு என்று எடுத்துக்கொண்டு, ஆரம் எத்தனை மடங்கோ அதன் இருமடியால் வகுக்கவேண்டும். சனியின் நிறை 95.16 மடங்கு, அதில் தகராறு இல்லை. ஆரத்தில்தான் தகராறு. சனி பத்தரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவிடுவதால் நடுவில் நன்றாகப் புடைத்திருக்கிறது. நிலநடுக்கோட்டு ஆரம் 60,268 கி.மீ., துருவ ஆரம் 54,364 கி.மீ., சராசரி 58,232 கி.மீ.

சராசரி ஆரத்தைப் போட்டால் 95.16 ÷ 9.14² = 1.14. நடுக்கோட்டு ஆரத்தைப் போட்டால் 95.16 ÷ 9.45² = 1.07, அதாவது 10.44 மீ/வி². ஆனால் நடுக்கோட்டில் நிற்பவரைச் சுழற்சி வெளியே தள்ளப் பார்க்கும். சனியில் அந்த மையவிலக்கு முடுக்கமே சுமார் 1.6 மீ/வி² இருக்கிறது. அதைக் கணக்கில் சேர்த்தால் 8.96 மீ/வி², பூமியின் 0.91 மடங்கு. (10.44-இலிருந்து 1.6 போனால் 8.8 தானே என்று கேட்பீர்கள். புடைத்த நடுப்பகுதியில் சேர்ந்திருக்கும் நிறை கூடுதலாக இழுப்பதால் கொஞ்சம் திரும்பக் கிடைக்கிறது.) துருவத்தில் சுழற்சியின் பாதிப்பே இல்லை, மையமும் கிட்டே இருக்கிறது, அங்கே சுமார் 12.1 மீ/வி². ஆக ஒரே கோளில் நடுக்கோட்டிலிருந்து துருவத்துக்குப் போனால் எடை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடும். நடுக்கோட்டில் நம்மைவிடக் குறைவு, துருவத்தில் கால்பங்கு கூடுதல்!

பூமியிலும் இதே கதைதான், அளவுதான் சிறியது: நடுக்கோட்டில் 9.780, துருவத்தில் 9.832. அரை சதவீதம்.

இன்னொன்றும் உண்டு. வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் நான்கிலும் நிற்பதற்குத் தரை கிடையாது. வளிமண்டல அழுத்தம் 1 பார் (ஏறக்குறைய பூமியில் கடல்மட்டக் காற்றழுத்தம்) இருக்கும் உயரத்தை 'மேற்பரப்பு' என்று வைத்துக்கொண்டு கணக்கிடுகிறார்கள். பலகையில் இதை ஒரு வரியாவது போடுங்கள்.

உங்கள் பலகை பேசுவது எடைமெஷின் காட்டும் எண்ணைப் பற்றி. அதனால் சுழற்சி கழிந்த நடுக்கோட்டு மதிப்பே பொருத்தம் என்பது என் கருத்து. எதை எடுத்தாலும் எல்லாக் கோளுக்கும் ஒரே முறையைப் பின்பற்றுங்கள். வியாழனுக்கு ஒரு முறை, சனிக்கு இன்னொரு முறை என்று கலந்ததால்தான் பல அட்டவணைகள் கெட்டிருக்கின்றன. சுழற்சி கழிந்த மதிப்புகள், மீ/வி² அலகில்:

புதன் 3.70
வெள்ளி 8.87
செவ்வாய் 3.71
வியாழன் 23.12 (கழிக்காமல் 24.79)
சனி 8.96 (கழிக்காமல் 10.44)
யுரேனஸ் 8.69 (கழிக்காமல் 8.87)
நெப்டியூன் 11.00 (கழிக்காமல் 11.15)
நிலா 1.62

ஒவ்வொன்றையும் 9.8-ஆல் வகுத்தால் பெருக்கவேண்டிய எண் கிடைத்துவிடும்.

95 மடங்கு நிறை எங்கே போயிற்று என்பதற்கு: ஈர்ப்பு = அடர்த்தி விகிதம் × ஆர விகிதம் என்றும் எழுதலாம், கணிதம் ஒன்றுதான். சனியின் சராசரி அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 0.69 கிராம், பூமிக்கு 5.51. விகிதம் எட்டில் ஒன்று. ஆரம் ஒன்பது மடங்கு. பெருக்கினால் ஒன்றைச் சற்றே தாண்டும். கூட்டத்துக்கு நடுவே நின்று விளக்க இந்த வடிவம்தான் வசதி, இருமடி, எதிர்விகிதம் என்று இழுக்க வேண்டாம்.

இதே வழியில் புதனையும் செவ்வாயையும் பாருங்கள். செவ்வாயின் நிறை புதனைப்போல் இரண்டு மடங்கு. ஆனால் புதன் 5.43 அடர்த்தியுள்ள இரும்புக் குண்டு, செவ்வாய் 3.93 தான். சிறிய ஆரம் × கூடிய அடர்த்தி, பெரிய ஆரம் × குறைந்த அடர்த்தி என்று இரண்டும் 0.38-இல் வந்து நிற்கின்றன. சனியின் துணைக்கோள் டைட்டன் இன்னும் வேடிக்கை: நிறையிலும் அளவிலும் நிலாவைவிடப் பெரியது, ஈர்ப்பு 1.35 தான், நிலாவைவிடக் குறைவு. பாதிக்குப் பாதி பனிக்கட்டி, அதனால்.

மேற்பரப்பு ஈர்ப்பு ஒன்றாக இருந்தால் தப்பிப்போகும் வேகமும் (கோளின் ஈர்ப்பை விட்டு வெளியேறத் தேவையான வேகம்) ஒன்றாக இருக்கும் என்று யாராவது எழுதிவிடுவார்கள், கவனம். புதனில் வினாடிக்கு 4.25 கி.மீ., செவ்வாயில் 5.03. சனியில் 35.5, நமக்கு 11.2. அது ஈர்ப்பையும் ஆரத்தையும் பெருக்கிக் கிடைப்பதைச் சார்ந்தது.

நிறுவைக்காரன்

மேலே சொன்னதோட ஒரு சின்ன சேர்க்கை. திரையில 'கிலோ'ன்னு போடப்போறீங்கன்னா 'எடைமெஷின் காட்டும் அளவு'ன்னு தெளிவா எழுதுங்க. ஆளோட நிறை எங்க போனாலும் 60 கிலோதான். குளியலறை எடைமெஷின் அளக்கிறது விசையை. அதை 9.8-ஆல வகுத்து கிலோன்னு காட்டுது. அதே மெஷினைச் செவ்வாய்க்குத் தூக்கிட்டுப் போனா, பூமியோட எண்ணாலயே வகுத்து 22.7-ன்னு காட்டும். தராசுத் தட்டுல எடைக்கல் போட்டு நிறுத்தா அங்கயும் 60 தான், ஏன்னா கல்லும் அதே அளவு இலேசாகிடும்.

இது வேற்றுக்கோள் பிரச்சினை மட்டும் இல்லை. லோடு செல் (விசையை அளக்கிற உணரி) வச்ச துல்லியமான எலக்ட்ரானிக் தராசை ஒரு ஊர்ல சரிபார்த்து வேற அட்சரேகைக்குக் கொண்டுபோனா தப்பாக் காட்டும். நடுக்கோட்டுல சரிசெஞ்சதைத் துருவத்துல வச்சா 100 கிலோவுக்கு அரைக் கிலோ கூடிடும். அதனாலதான் பயன்படுத்துற இடத்துலயே எடைக்கல் வச்சுச் சரிசெய்யச் சொல்றது.

அப்புறம் வெள்ளி. யாரும் கண்டுக்காத விஷயம் இது. அங்க தரையில காற்று அழுத்தம் நம்மைப்போல 92 மடங்கு, காற்றோட அடர்த்தி ஒரு கனமீட்டருக்கு சுமார் 65 கிலோ. 60 கிலோ ஆள் ஏறத்தாழ 0.06 கனமீட்டர் இடத்தை அடைக்கிறார். அந்த இடத்துல இருந்த 3.9 கிலோ காற்று விலகுது, அதோட எடை அளவுக்கு மிதப்பு விசை மேல தூக்கும். ஈர்ப்பை மட்டும் வச்சுப் பார்த்தா 54.3 கிலோ. மிதப்பையும் கழிச்சா மெஷின்ல 50.8 தான் வரும். சனி விஷயத்துல சுழற்சியைக் கழிக்கிறோம்னா நியாயப்படி இதையும் கழிக்கணும். நான் பலகையில போடமாட்டேன், ஆனா அடிக்குறிப்புக்கு அருமையான சரக்கு.

கோள்பலகை

இருவருக்கும் நன்றி. சுழற்சி கழிந்த வரிசையையே எடுத்துக்கொள்கிறோம். வெள்ளிக்கு அடிக்குறிப்பு உறுதி.

இன்னும் மூன்று சந்தேகம். ஒன்று, செவ்வாயின் 3.71, 3.73 விவகாரம், கூடவே, துணைக்கோளே இல்லாத புதனையும் வெள்ளியையும் எப்படி நிறுத்தார்கள் என்பது. இரண்டு, 'நிலாவில் ஆறு மடங்கு உயரம் தாவலாம், வியாழனில் அரைக்கும் குறைவு' என்று ஒரு வரி எழுதியிருக்கிறோம், சரியா? மூன்று, ஒவ்வொரு கோளுக்கும் ஒரு டப்பா வைத்து, 'பூமியில் 1 கிலோவாக இருக்கும் பொருள் அங்கே இவ்வளவு கனக்கும்' என்று தூக்கிப் பார்க்க வைக்கலாமா?

பாதைக்கணக்கு

முதல் சந்தேகத்துக்கு நான்.

கோளைத் தனியாக நிறுக்க முடியாது, நிறுக்கவும் தேவையில்லை. அதைச் சுற்றும் ஒன்றின் தொலைவும் சுற்றுக்காலமும் தெரிந்தால் போதும். அதிலிருந்து கிடைப்பது ஈர்ப்பு மாறிலி × நிறை என்ற பெருக்கற்பலன். நமக்கு வேண்டியதும் அந்தப் பெருக்கற்பலன்தான். ஈர்ப்பு மாறிலியைத் தனியாகப் பிரிக்கப் போனால் துல்லியம் போய்விடும். ஆய்வகத்தில் அளந்த அந்த மாறிலி நான்கைந்து இலக்கத்துக்குத்தான் உறுதி, பெருக்கற்பலனோ அதைவிடப் பல இலக்கம் துல்லியம்.

செவ்வாய்க்குப் போட்டுப் பாருங்கள். அதன் துணைக்கோள் போபோஸ், செவ்வாயின் மையத்திலிருந்து 9,376 கி.மீ. தொலைவில் 7 மணி 39 நிமிடத்தில் ஒரு சுற்று வருகிறது. 4π² × தொலைவின் மும்மடி ÷ காலத்தின் இருமடி. காலத்தை வினாடியில் (சுமார் 27,554) போடவேண்டும். விடை ஏறக்குறைய 42,860 கி.மீ.³/வி². விண்கலங்களை வைத்து நிர்ணயித்த மதிப்பு 42,828. கைக்கணக்கே ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் வந்துவிடுகிறது.

இப்போது 42,828-ஐ நடுக்கோட்டு ஆரம் 3,396.2-இன் இருமடியால் வகுத்தால் 3.71. சராசரி ஆரம் 3,389.5-இன் இருமடியால் வகுத்தால் 3.73. உங்கள் இரண்டு எண்ணும் வந்துவிட்டன. அளவீட்டில் பிழை இல்லை, இங்கும் ஆரம்தான் காரணம்.

துணைக்கோள் இல்லாத இடத்தில் நாமே ஒன்றை அனுப்பவேண்டும். சுற்ற வைக்கக்கூட வேண்டாம், கடந்துபோனாலே போதும். கோள் இழுக்கும்போது கலத்தின் வேகம் மாறும், அது அனுப்பும் வானொலி அலையின் அதிர்வெண் டாப்ளர் விளைவால் நகரும். வினாடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த வேக மாற்றத்தை இதில் பிடிக்கலாம். வெள்ளியை 1962-இல் மரைனர் 2 கடந்தபோது இப்படி அளந்தார்கள். புதனுக்கு மரைனர் 10, 1974-75-இல் மூன்று முறை அருகே போனது. பிறகு 2011 முதல் 2015 வரை மெசஞ்சர் புதனைச் சுற்றியே வந்ததால் இடத்துக்கு இடம் ஈர்ப்பு எப்படி மாறுகிறது என்ற வரைபடமே கிடைத்தது.

அந்த இடத்துக்கு இடம் மாறுவதுதான் வில்லன். நிலாவின் சில பெரிய படுகைகளுக்கு அடியில் அடர்த்தியான பாறை திரண்டு கிடக்கிறது. 1968-இல், நிலாவைச் சுற்றிய லூனார் ஆர்பிட்டர் கலங்களின் பாதை கணக்குக்கு ஒத்துவராததிலிருந்துதான் இதைக் கண்டுபிடித்தார்கள். 1972 ஏப்ரலில் அப்போலோ 16 விட்டுவந்த சிறு துணைக்கலம் 35 நாளில் நிலாவில் மோதி அழிந்தது. இந்தத் திரள்கள் அதன் பாதையை இழுத்து இழுத்து நீள்வட்டமாக்கிவிட்டன.

நிலாவின் 1.62 மேலிருந்து மட்டும் கணித்த எண் அல்ல. 1972 டிசம்பரில் அப்போலோ 17 வீரர்கள் ஊர்தியில் ஈர்ப்புமானியைக் கொண்டுபோய் இறங்கிய பள்ளத்தாக்கில் நேரடியாக அளந்தார்கள்: 1.627. அதே பயணத்தில் தரையில் நட்டுவைத்த இன்னொரு ஈர்ப்புமானி சொதப்பிவிட்டது. பூமியின் ஈர்ப்பிலிருந்து ஆறில் ஒரு பங்குக்கு மாற்றும் கணக்கில் பிழை வந்து, உள்ளே இருந்த எடைகள் சுமார் 2 சதவீதம் இலேசாகிவிட்டன, அதன் தண்டு சமநிலைக்கே வரவில்லை. எந்த எண்ணால் பெருக்குவது என்று நீங்கள் அலுத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது!

தாவல்

இரண்டாவது: அந்த வரியை அப்படியே எடுத்துவிடுங்கள். ஆறு மடங்கு என்பது கால் தரையை விடும் வேகம் இரண்டு இடத்திலும் ஒன்று என்று வைத்துக்கொண்டால் மட்டுமே வரும். வேகம் ஒன்றாக இருக்காது.

ஒருவர் 40 செ.மீ. குனிந்து எழுந்து, உடலை 40 செ.மீ. உயர்த்தித் தாவுகிறார் என்று கொள்வோம். அப்படியானால் அவருடைய கால்கள் தரையைத் தள்ளும் சராசரி விசை அவர் எடையைப்போல் இரண்டு மடங்கு: ஒரு பங்கு உடலைத் தாங்க, ஒரு பங்கு முடுக்க. நிலாவில் தாங்குவதற்கு ஆறில் ஒரு பங்கே போதும், மீதி எல்லாம் முடுக்கத்துக்கு. அதே விசையைப் போட்டால் உயரம் 40 × (12 − 1) = 440 செ.மீ. ஆறு மடங்கல்ல, பதினொரு மடங்கு. ஆனால் தசை வேகமாகச் சுருங்கும்போது அதே விசையைத் தராது. எனவே உண்மை 240-க்கும் 440-க்கும் இடையில் எங்கோ இருக்கும்.

வியாழனில் இந்தக் கணக்கு இன்னும் மோசம். உங்கள் வரிப்படி 40 ÷ 2.36 = 17 செ.மீ. தாவலாம். ஆனால் அவர் காலின் மொத்தத் தள்ளுவிசையே பூமி எடையைப்போல் இரண்டு மடங்குதான், அங்கே உடலைத் தாங்கவே 2.36 மடங்கு வேண்டும். தாவுவது இருக்கட்டும், குனிந்தவர் எழுந்திருக்கவே முடியாது.

நடந்த சான்று வேண்டுமா? 1972-இல் அப்போலோ 16-இன் ஜான் யங் கொடிக்கு வணக்கம் வைத்தபடி நிலாவில் தாவினார். காற்றில் இருந்தது சுமார் 1.45 வினாடி. ஈர்ப்பு × காலத்தின் இருமடி ÷ 8 என்று போட்டால் 42 செ.மீ. உடையும் முதுகுப்பெட்டியும் சேர்ந்து கிட்டத்தட்ட அவர் அளவுக்கே நிறை, காற்றடைத்த உடையில் முழங்கால் எளிதில் மடங்காது. ஆக நிலாவில் தாவிய உயரம், சாதாரண உடையில் பூமியில் தாவும் அளவுதான்.

பலகைக்குத் தாவலைவிடப் பாதுகாப்பான எண் விழும் நேரம். அதில் தசை இல்லை, உடை இல்லை. 1 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால், காற்றைக் கணக்கில் எடுக்காமல், பூமியில் 0.45 வினாடி, செவ்வாயில் 0.73, நிலாவில் 1.11, வியாழனில் 0.29. திரையில் பக்கத்துப் பக்கத்தில் பந்து விழுவதுபோல் ஓடவிடலாம்.

நிறுவைக்காரன்

டப்பா யோசனை நல்லா வரும், மூணு நாலு இடத்துல சறுக்கும்.

முதல்ல அளவு. எல்லா டப்பாவும் ஒரே உருவம், ஒரே நிறம், உள்ளே தெரியக்கூடாது. பெரிய டப்பாவும் சின்ன டப்பாவும் ஒரே எடையா இருந்தா, சின்னதுதான் கனமாத் தோணும், மனசு அப்படித்தான் ஏமாறும். 1 லிட்டர் டப்பா எடுத்துடாதீங்க. உலர்ந்த மணல் லிட்டருக்கு சுமார் 1.6 கிலோதான், வியாழனுக்கு வேண்டியது 2.36 கிலோ, அதாவது ஒண்ணரை லிட்டர். 2 லிட்டர் டப்பாவே எல்லாத்துக்கும்.

எடையில டப்பா, மூடி, கைப்பிடி எல்லாம் சேர்த்தி. நிலாவுக்கு மொத்தமே 165 கிராம். டப்பா 90 கிராம்னா மணலுக்கு மிச்சம் 75. அதை அப்படியே கொட்டினா அடியில உருண்டு சலசலக்கும், காலி டப்பான்னு தெரிஞ்சுடும். தெர்மாகோல் மணியோட கலந்தாலும் நாலு குலுக்குல மணல் கீழ, தெர்மாகோல் மேலன்னு பிரிஞ்சுடும். மணலைச் சின்னப் பையில கட்டி, நடுவுல வச்சு, சுத்தி ஸ்பாஞ்ச் அடைக்கணும்.

கைப்பிடியைப் பிடிச்சு மெதுவா மேல தூக்கச் சொல்லுங்க, பக்கவாட்டுல ஆட்டவிடாதீங்க. நிஜச் செவ்வாய்ல அந்தப் பொருள் 380 கிராம் மாதிரிக் கனக்கும், ஆனா பக்கவாட்டுல தள்ள 1 கிலோவுக்கு வேண்டிய விசைதான் வேணும், நிறை மாறலையே. உங்க டப்பாவுல நிறையும் சேர்ந்து குறைஞ்சுடுது. ஆட்டிப் பார்க்கிறவங்களுக்குத் தப்பான அனுபவம் கிடைக்கும்.

கடைசியா, ஒன்பது டப்பா தேவையில்லை. வெள்ளி 905, சனி 915, யுரேனஸ் 885 கிராம். இந்த வித்தியாசம் கைக்குத் தெரியாது, 900-ல ஒரே டப்பா, மூணு பேரையும் ஒட்டிடுங்க. புதனுக்கும் செவ்வாய்க்கும் 380-ல ஒண்ணு. நிலா 165, பூமி 1000, நெப்டியூன் 1120, வியாழன் 2360. ஆறு போதும். நெப்டியூனைப் பூமிக்குப் பக்கத்துல வச்சா மட்டும்தான் வித்தியாசம் பிடிபடும். வியாழனைத் தூக்கின கைக்கு அடுத்து வர்ற எல்லாமே இலேசாத்தான் இருக்கும், அதனால அதை வரிசையில கடைசியா வைங்க.